ஒரே துணியில் இரண்டு சட்டை

மருதமுனை
18.11.2004

உசா,

உன் பார்சல் பெருநாளைக்கு முதல் நாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினதும் நிப்லா ஓடிப்போய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நோன்பு திறக்கும் மட்டும் என்னைத் தொட விடவில்லை.

சட்டை அழகு. ரோசா நிறத்தில் வெள்ளைப் புள்ளி அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்து, ஒன்றை உன் அக்கா மகள் நிலாந்தினிக்குத் தீபாவளிக்கும் மற்றதை என் மகளுக்குப் பெருநாளைக்கும் அனுப்பியிருக்கிறாய். இந்த முறை இரண்டும் ஒரே கிழமையில் வந்தது உனக்கு வசதியாகப் போய்விட்டது. பெருநாள் அன்று நிலாந்தினி பாண்டிருப்பில் இருந்து அதே சட்டையோடு வட்டிலாப்பம் தின்ன வந்தாள். இரண்டும் வாசலில் கைகோர்த்து நின்றபோது பக்கத்து வீட்டு ஆமினா உம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இதில எது நம்மட புள்ள?" என்று கேட்டா.

ஒரு குறை சொல்லாமல் விடமாட்டேன். எட்டு வயது மகளுக்கு முழங்காலுக்கு மேலேயா சட்டை தைப்பாய்? கனடாவில் துணிக்குப் பஞ்சமா? நீயும் நானும் ஒரே ரீச்சரிடம்தானே தையல் படித்தோம். நான் எங்கள் தறியில் மிச்சம் விழுந்த துண்டு ஒன்றை எடுத்து, நாலு விரல் அகலத்துக்குக் கீழே பட்டி வைத்துத் தைத்துவிட்டேன். பச்சைத் துணி, நடுவில் ஒரு மஞ்சள் நூல் ஓடும். நிப்லாவுக்குச் சரியான சந்தோசம். அவள் வாப்பா முனாப் மட்டும் இரண்டு சட்டையையும் பார்த்துவிட்டு, என்ன வித்தியாசம் என்று கேட்டார். இரும்புக் கடை வைத்திருக்கிற மனிசனுக்கு ஆணியின் அளவு தெரியும், சட்டையின் அளவு தெரியாது.

உங்கள் குழு ஒட்டாவாவுக்குப் போய் வந்ததை எழுதியிருந்தாய். தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒரே மேசையில் இருந்து, ஊரில் திரும்பச் சண்டை வரக்கூடாது என்று கதைக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய விசயம். இங்கே உங்கள் பாண்டிருப்புக்கும் எங்கள் மருதமுனைக்கும் நடுவில் ஒரு வேலி கூட இல்லை. ஆனாலும் ஏதாவது நடந்தால் இரண்டு பக்கமும் ரோட்டில் டயரைப் போட்டுக் கொளுத்திவிடுகிறார்கள். நீங்கள் அங்கே இருந்தாவது விடாமல் கதையுங்கள்.

உன்
சுஹறா


ஸ்காபரோ
06.12.2004

அன்பான சுஹறா,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தேன். பச்சைப் பட்டி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். துணிக்குப் பஞ்சமில்லை, எனக்கு நேரத்துக்குத்தான் பஞ்சம். முதியோர் இல்லத்தில் இரண்டு வேலைமுறை செய்துவிட்டு வந்து தைத்த சட்டை அது. குறை பிடிக்காதே.

எங்கள் குழுவில் இப்போது பதினொரு பேர். ஏழு தமிழர், நாலு முஸ்லிம்கள். சம்மாந்துறை சாலிஹ் தலைவர், நான் செயலாளர். தை மாதம் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலரைச் சந்திக்கிறோம். யுத்த நிறுத்தம் முறியக்கூடாது, பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கப் போகிறோம். வெறும் அறிக்கையைக் கொடுத்தால் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முகம் வேண்டும் என்று சாலிஹ் சொல்கிறார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நிப்லாவும் நிலாந்தினியும் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். உன் பச்சைப் பட்டியோடே நிற்கட்டும். பள்ளிக்கூட விடுமுறைதானே? இருபத்தைந்தாம் திகதி நத்தார் அன்று பின்னேரம் நிப்லாவை அக்கா வீட்டில் கொண்டுபோய் விடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறமுன் கதிர்காமன் அத்தான் படம் எடுத்துவிடுவார். நான் அனுப்பிய கமரா அவரிடம் சும்மாதான் கிடக்கிறது.

மகளை ஒரு நாள் கூட வெளியில் தங்க விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்காக இந்த ஒரு முறை விடு.

அன்புடன்,
உசாந்தினி


மருதமுனை
02.02.2005

உசா,

தொலைபேசியில் நீயும் அழுதாய், நானும் அழுதேன். வேறொன்றும் கதைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கால்தான் மாவுக்கட்டில் இருக்கிறது, கைக்கு ஒன்றுமில்லை.

எங்கள் வீடு இல்லை. தறியும் இல்லை. கடல் தண்ணீர் என்னைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் அடித்தது மட்டும் தெரியும். கண் விழித்தபோது அம்பாறை ஆஸ்பத்திரி. முனாப் அந்த நேரம் கல்முனைக் கடையில் நின்றதால் தப்பினார். நிப்லா உன் அக்கா வீட்டில் இருந்தாள். நான்தான் சனிக்கிழமை பின்னேரம் தலை வாரி இழுத்து, சட்டையைப் பையில் மடித்து வைத்துக் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போது அவள் கையைக்கூட அசைக்கவில்லை. அவ்வளவு அவசரம் விளையாட்டுக்கு.

மிச்சம் எல்லாம் முனாப் சொல்லித்தான் தெரியும். கதிர்காமன் அண்ணன் படச்சுருள் வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தாராம். உன் அக்கா தங்கமக்கா குசினிக்குள் இருந்தா. கூரை மேலே விழுந்து, அதுவே அவவைக் காப்பாற்றியது. பிள்ளைகள் இரண்டும் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரைக்கு முதலே ஓடிவிட்டார்கள்.

முனாப் கடையைத் திறந்து இருந்த மண்வெட்டி எல்லாவற்றையும் சனத்துக்குக் கொடுத்தார். மூன்று நாள் நிப்லாவைத் தேடினார். தேடிய இடமெல்லாம் குழி வெட்டினார். மூன்றாம் நாள் பாண்டிருப்பில் பனை வேருக்குள் நிலாந்தினி கிடைத்தாள். முகத்தைப் பார்க்க ஏலாது. ஆனால் ரோசாச் சட்டையும் நெற்றியில் ஒட்டுப்பொட்டும் அப்படியே இருந்ததாம். கதிர்காமன் அண்ணனால் நிற்க முடியவில்லை. சாரத் துணியால் மூடிய பிள்ளையைக் குழிக்குள் இறங்கி வாங்கி வைத்தது முனாப்தான்.

அதில் ஒரு பிழை விட்டுவிட்டாராம். மூன்று நாளாக எங்கள் மையித்துகளைக் குழிக்குள் வைத்து வைத்துப் பழகின கை. நிலாந்தினியையும் எங்களைப் போல வலப் பக்கம் சரித்து, முகத்தை மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். மண் போட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன், "கிடக்கட்டும் முனாப். கடலுக்கு முதுகு காட்டித்தானே படுத்திருக்கிறாள்" என்றாராம்.

தங்கமக்காவுக்கு மகளின் குழியாவது இருக்கிறது. என் மகள் எங்கே கிடக்கிறாளோ தெரியாது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். எனக்கு உன் அக்காவைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

சுஹறா


ஸ்காபரோ
11.03.2005

அன்பான சுஹறா,

நான் கேட்டுத்தான் நீ நிப்லாவை விட்டாய். இதை எழுத எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. ஒவ்வொரு முறையும் இந்த வரியோடு நின்றுவிடுகிறேன். நீ என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். மிச்ச நேரம் முழுவதும் குழு வேலை. சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும். நிவாரணத்தைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து பகிர்கிற மாதிரி ஒரு பொதுக் கட்டமைப்பு வரப் போகிறது. அது வந்தால் சமாதானத்துக்கு அதுவே வழி என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். இவ்வளவு சனம் போனதற்கு ஒரு பலன் வேண்டாமா?

அக்கா வீட்டுப் பக்கம் வந்த வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் ஒருவர் எடுத்த படம் எங்கள் கைக்கு வந்தது. முனாப் மண்வெட்டியோடு நிற்கிறார். பக்கத்தில் அத்தான். கீழே சாரத்தால் மூடிய நிலாந்தினி. அதை வைத்துத் துண்டுப்பிரசுரம் அடித்தோம். தன் மகளைக் காணாத ஒரு முஸ்லிம் தகப்பன், தன் தமிழ்ச் சிநேகிதனின் மகளுக்குக் குழி வெட்டினான் என்று மூன்று மொழியில் எழுதினோம். ஒட்டாவாவில் அதைப் பார்த்த ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்தார். இந்த முறை ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

முனாப்பிடம் முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும். பிழைதான். பிரதி ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டு.

உசாந்தினி


மருதமுனை
09.04.2005

உசா,

படத்தை முனாப்பிடம் காட்டவில்லை. புடைவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சாரம் முழங்கால் மட்டும்தான் மூடியிருக்கிறது. அதற்குக் கீழே சட்டையின் ஓரம் தெரிகிறது. நாலு விரல் அகலத்தில் பச்சை. நடுவில் மஞ்சள் நூல். ஒரு மூலை அறுந்திருக்கிறது, மற்றப் பக்கம் அப்படியே இருக்கிறது. அந்தப் பட்டியை நான் என் கையால் தைத்தேன். நிலாந்தினியின் சட்டையில் பட்டி இல்லை.

அது என் மகள்.

பொட்டு எப்படி வந்ததென்று கேட்பாய். நீயும் நானும் எட்டு வயதில் என்ன செய்தோம்? என் முக்காட்டை நீ போட்டுக்கொண்டு திரியவில்லையா?

அவளுக்கு ஜனாஸாத் தொழவில்லை. போர்த்தக் கபன் துணி இல்லை. துண்டுப்பிரசுரத்தில் தமிழ்ச் சிறுமி என்று எழுதி ஊர் ஊராகக் காட்டியிருக்கிறீர்கள். கிப்லாவைப் பார்த்துக் கிடக்கிறாள், அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அதுவும் ஒரு பிழையால் கிடைத்தது. முனாப்பிடம் எப்படிச் சொல்வேன்? பெற்ற மகளுக்கு மேலே, ஆரென்று தெரியாமல் மண் அள்ளிப் போட்டிருக்கிறார். கேட்டால் அந்த மனிசன் உடைந்து போவார்.

தங்கமக்காவுக்கும் சொல்லத்தான் வேண்டும். உன் கூடப்பிறந்தவ. நீ சொல்கிறாயா, நான் போகவா? பிரசுரத்தை நிறுத்து. என் மகளை எனக்குத் தா. வேறொன்றும் கேட்கவில்லை.

சுஹறா


ஸ்காபரோ
02.06.2005

அன்பான சுஹறா,

பதில் பிந்தியதற்குக் கோபித்திருப்பாய்.

உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? படம் அவ்வளவு தெளிவில்லை. ஈரத்தில் துணி நிறம் மாறும், பாசியும் பிடித்திருக்கும். நீ மகளைத் தேடுகிற கண்ணால் பார்க்கிறாய். நான் பொய்யென்று சொல்லவில்லை, பிழையாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அக்கா இப்போதுதான் சோறு தின்னத் தொடங்கியிருக்கிறா. காலையில் அந்தக் குழிக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடிக்கிறாவாம். அதையும் பறித்தால் அவ என்ன ஆவா? அடுத்தது, இந்தக் கதை வெளியில் வந்தால் இரண்டு பக்கத்திலும் இருக்கிற விசரன்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். முஸ்லிம் பிள்ளைக்குப் பொட்டு வைத்துத் தமிழ்ச் சவக்காலையில் தாட்டார்கள் என்று ஒருவன் தொடங்கினால் போதும், மறுநாள் ரோட்டில் டயர் எரியும். பொதுக் கட்டமைப்பு இந்த மாதம் கையெழுத்தாகும் என்கிறார்கள். அது வரைக்கும் பொறு. ஒரு மாதம்தானே. பிறகு நானே வந்து அக்காவிடம் சொல்கிறேன்.

நிப்லா எனக்கும் மகள்தான், சுஹறா.

உசாந்தினி


மருதமுனை
20.07.2005

உசாந்தினி,

பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்துப் போட எங்கள் ஆட்களுக்கு ஓர் இடம் கொடுக்கவில்லை. இப்போது வழக்குப் போட்டு அதையும் நிறுத்திவிட்டார்கள். இதற்காகத்தான் என் மகள் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றாய்.

கொழும்பில் இருந்து வந்த சாலிஹின் தங்கச்சி உங்கள் புதுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினா. அதே படம்தான். ஆனால் முழங்காலோடு வெட்டியிருக்கிறீர்கள். பட்டி இருந்த இடத்தில் உங்கள் குழுவின் பெயர் இருக்கிறது. கீழே சித்திரை மாதம் அச்சடித்ததாகத் திகதி போட்டிருக்கிறது. படம் தெளிவில்லை என்று ஆனியில் எனக்கு எழுதின ஆள், சித்திரையில் எதை வெட்டினாய்?

நான் பாண்டிருப்புக்குப் போனேன். சொல்லிவிட்டுத்தான் வருவது என்று போனேன். தங்கமக்கா குழியடியில் குந்தியிருந்து, புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, தன் முந்தானையை விரித்து மண்ணில் போட்டு, "இரி புள்ள, கால் நோகும்" என்றா. நான் இருந்தேன். அவ புல்லுப் பிடுங்கினா. என் மகளின் குழியடியில் நான் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தேன். தொழக்கூட இல்லை.

அவவை மன்னிக்க எனக்கு ஒன்றுமில்லை, அவவுக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. இனி எனக்கு எழுதாதே.

சுஹறா


ஸ்காபரோ
14.11.2007

சுஹறா,

எழுதாதே என்றாய். இரண்டு வருடம் எழுதவில்லை. இதற்கு நீ பதில் போட வேண்டாம். வாசித்தால் போதும்.

படம் வந்த அன்றே நான் பட்டியைக் கண்டேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். உன் கார்த்திகைக் கடிதத்தைத் தேடி எடுத்துத் திரும்ப வாசித்தேன். நாலு விரல், பச்சை, மஞ்சள் நூல். எல்லாம் இருந்தது. நிழல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் பிரசுரத்தில் வெட்ட மனம் வரவில்லை. வெட்டினால் நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். உனக்கு ஒரு பிரதி போன பிறகுதான், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று உறைத்தது. உன் பதில் வருமுன்னரே வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் எங்களை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு படத்தால் சண்டை நிற்கும் என்றால், அதில் இருக்கிற பிள்ளை எந்தப் பிள்ளை என்று ஆர் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தாய் கேட்பாள் என்று நினைக்கவில்லை. நான் பிள்ளை பெறாதவள் என்று நீ சொல்லலாம்.

குழு இப்போது இல்லை. மூதூரில் சண்டை தொடங்கி முஸ்லிம்கள் ஊரை விட்டு ஓடியபோது சாலிஹ் கூட்டத்தில் எழும்பி, உங்கள் ஆட்கள் செய்ததைக் கண்டித்து எழுதுங்கள் என்றார். எங்கள் ஆட்கள், முதலில் அரசாங்கத்தைக் கண்டித்து எழுதுவோம் என்றார்கள். எதை முதலில் எழுதுவது என்பதிலேயே மூன்று கூட்டம் போனது. நாலாவது கூட்டத்துக்கு முஸ்லிம்கள் வரவில்லை. மூன்று பெட்டிப் பிரசுரம் என் வீட்டு நிலவறையில் கிடக்கிறது. எறிய முடியவில்லை, அதில் நிப்லா இருக்கிறாள்.

அக்காவுக்கு மிஞ்சியிருந்த மகன் தினுஜனைப் போன வருடம் இயக்கக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினேழு வயது. வன்னியில் இருக்கிறான் என்று கேள்வி. உன்னிடம் ஆறுதல் கேட்டு எழுதவில்லை. அக்காவுக்கு மனம் விட்டுக் கதைக்க உன்னைத் தவிர அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

உசாந்தினி


மருதமுனை
10.08.2009

உசா,

உன் கடிதத்தை அப்போதே வாசித்தேன். பதில் போட மனம் வரவில்லை. இப்போது போடுகிறேன். நோன்புக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, அதற்கு முன் இது முடிய வேண்டும்.

யுத்தம் முடிந்தது என்று வைகாசியில் றேடியோவில் சொன்னார்கள். கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். முனாப் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, "பாண்டிருப்பில ஒரு மனிசரும் வெளியில இல்ல" என்றார். தினுஜன் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். கடைசியாகக் கண்ட ஆள், கடலோரத்தில் கண்டதாகச் சொல்கிறார். உடலும் இல்லை, பெயரும் ஒரு பட்டியலிலும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், ஆம்பிளைகள் பள்ளிக்குப் போன பிறகு, தங்கமக்கா எங்கள் புது வீட்டுக்கு வந்தா. அந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறா. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, படியில் இருந்தா. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒன்றை அவிழ்த்து என் கையில் வைத்தா.

பச்சைத் துண்டு. உள்ளங்கை அளவு. மஞ்சள் நூல் வெளுத்துப் போயிருந்தது.

முகத்தைப் பார்க்க ஏலாது என்பதால், அவ நம்ப வேண்டும் என்று கதிர்காமன் அண்ணன் சட்டையில் ஒரு மூலையைக் கத்தியால் அறுத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவருக்கு முனாப்பை விடவும் சட்டை தெரியாது.

"உன்ட தையல் எண்டு கண்ட உடனே தெரியும் சுஹறா," என்றா. "அண்டைக்குக் காலம்பிறதான் கண்ணாடிக்கு முன்னால இரிந்து என்ட மகள் உன்ட மகளுக்குப் பொட்டு வச்சவள். ரெண்டும் ஒரே மாதிரி வேணுமாம். நான் சிரிச்சிட்டு விட்டிட்டன்."

கேட்டாயா, உசா? நாலரை வருடம் நான் அவவைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடியிருந்தேன். அவ முதல் நாளே தெரிந்துகொண்டு விளக்கு வைத்திருக்கிறா. நான் குழியடிக்குப் போன அன்று முந்தானையை விரித்துப் போட்டதும் தெரிந்துகொண்டுதான்.

"எனக்கு ஒரு குழி வேணுமாக் கிடந்திச்சு," என்றா. "உன்னட்டக் கேட்டால் தரமாட்டாய். அதால கேக்காம எடுத்திட்டன். இப்ப மகனுக்கும் குழி இல்ல. காணாமப் போன புள்ளைகளத் தேடுற தாய்மாரையெல்லாம் பாக்கக்குள்ளதான் உனக்கு நான் என்ன செஞ்சனான் எண்டு விளங்கிச்சு. உன்ட புள்ளையை நீ எடு."

அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது, அவ கையைப் பிடித்திருப்பேன். எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, கடப்படியில் நின்று ஒன்று கேட்டா.

"இனி நான் அங்க வரலாமா?"

எனக்கு வாய் வரவில்லை. கோபமா, துக்கமா என்று இப்போதும் தெரியாது. நான் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது அவ ரோட்டுக்குப் போய்விட்டா.

முனாப்பிடம் அன்றைக்கே சொன்னேன். பிரசுரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். உடைந்து போவார் என்று நாலரை வருடம் பயந்தேன் அல்லவா. அவர் படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"அப்ப அவளை நான்தான் வச்சிரிக்கன்," என்றார். "கிப்லாவுக்குத் திருப்பி, நான்தான் வச்சிரிக்கன்."

இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வந்தால், மகளை ஆர் தாட்டார்களோ, நாய் இழுத்ததோ என்று சுவரோடு சாய்ந்து இருக்கிற மனிசன். அந்த ஒரு சொல்லை அவருக்குச் சொல்லியிருந்தால் இவ்வளவு காலமும் அவர் தூங்கியிருப்பார். நான்தான் பறித்துவிட்டேன். உன்னை ஏசிய வாயால் இப்போது என்னை ஏசிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ழுஹர் தொழுகைக்குப் பிறகு முனாப்பும் அவருடைய தம்பிமார் இரண்டு பேரும் குழியடியில் நின்று தொழுதார்கள். நான் பின்னால் நின்றேன். தோண்டி எங்கள் மையவாடிக்குக் கொண்டுபோகலாமா என்று தம்பி கேட்டார். முனாப் வேண்டாம் என்றுவிட்டார். தன் கையால் வைத்த இடத்தில் அவள் இருக்கட்டும் என்றார். குழியைச் சுற்றி ஒரு புல் இல்லை. விளக்கு வைக்கிற கல் மட்டும் இருந்தது. அதில் விளக்கு இல்லை, எண்ணெய்க் கறையையும் தங்கமக்கா மண் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தா. எங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்திருப்பா. அதைக் கண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. மகளுக்கு அழுதேனா, அந்தக் கழுவின கல்லுக்கு அழுதேனா தெரியாது.

நிலாந்தினி எங்கே கிடக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. முனாப் மூன்று நாளில் எத்தனையோ பிள்ளைகளை வைத்தார். அதில் ஒன்றாக இருக்கலாம். எங்கள் மையவாடியில் ஆரென்று தெரியாத குழிகள் பதினேழு இருக்கின்றன. எந்தச் சட்டை எந்தக் குழிக்குள் என்று அவருக்கு நினைவில்லை. அவரை நான் கேட்டுக் கேட்டு வதைக்கிறேன். இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

நான் இரண்டு தரம் தங்கமக்கா வீட்டுக்குப் போகப் புறப்பட்டேன். ஒரு தரம் பெரிய சந்தி வரைக்கும் போனேன். அங்கிருந்து திரும்பிவிட்டேன். என்னத்தைச் சொல்லித் தொடங்குவது? அவவும் எங்கள் பக்கம் இனி வரமாட்டா. கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை அல்லவா. ஒரு மைல் தூரம்கூட இல்லை, உசா.

நீ இன்னும் கிழமைக்கு ஒரு தரம் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் குழு ஒட்டாவாவுக்கும் ஒஸ்லோவுக்கும் எவ்வளவோ செய்தி கொண்டுபோனது. இப்போது என்னுடைய ஒரே ஒரு செய்தியை மருதமுனையில் இருந்து பாண்டிருப்புக்குக் கொண்டுபோ. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றே எடு, ஒரு மாதம் பொறுக்காதே.

தங்கமக்காவிடம் சொல்லு. சுஹறா வரச் சொன்னாள் என்று சொல்லு. விளக்கையும் கொண்டு வரச் சொல்லு.

சுஹறா